‘இனி வழியில்லை’ என்றவர் எதைப் பார்த்துச் சொன்னார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. தறி நெய்தவர். 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பீடிப் பழக்கம் உண்டு, இப்போதுதான் குறைத்திருக்கிறார். வலது கால் பெருவிரலில் வந்த புண் நான்கு மாதமாக ஆறவில்லை. இரவில் வலி தாங்காமல் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்தே தூங்குகிறார். முதலில் பார்த்த இடத்தில் கணுக்கால் ரத்த அழுத்த விகிதம் 1.45, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே கம்பி போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ‘இனி வழியில்லை, ஸ்டெம் செல் ஊசி போடும் ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள். அதில் பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசிதானாம். இன்னொரு தனியார் மையம், மூன்றரை லட்சம் கட்டினால் ஸ்டெம் செல் நிச்சயமாகச் செலுத்துவோம் என்கிறது. நகையை விற்றாவது கட்டிவிடலாம் என்கிறான் தம்பி. அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறோமே என்று அம்மா அழுகிறார். நாங்கள் என்ன செய்வது?
– கும்பகோணம் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்திலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ‘இனி வழியில்லை’ என்ற முடிவு சரிதானா என்பதை, அந்த ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அப்பாவை நேரில் காட்டிக் கேளுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது. இரண்டு மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னைத் துணுக்குறச் செய்தது அந்த 1.45தான். கணுக்காலில் பட்டை சுற்றி அளந்த ரத்த அழுத்தத்தை, கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். 0.90 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் காலில் அடைப்பு இருப்பதாகக் கொள்கிறோம். அதனால் 1.45 என்றதும் பிரச்சினை இல்லை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் 1.40ஐத் தாண்டும் எண்ணை நம்பவே கூடாது. நீண்ட காலச் சர்க்கரை நோயில் கணுக்கால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, குழாய் விறைத்துப் போகிறது. ரப்பர் குழாயை அமுக்கினால் நசுங்கும். இரும்புக் குழாய் நசுங்குமா? பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் மூடாததால், உள்ளே ஓட்டம் குறைந்திருந்தும் அழுத்தம் உயர்வாகவே பதிவாகிறது.

கால்விரல்களின் சிறு குழாய்களில் இந்தப் படிவு அவ்வளவாக ஏறுவதில்லை. எனவே விரலில் ஒரு சின்னப் பட்டையைச் சுற்றி அங்கேயே அழுத்தத்தை அளக்க வேண்டும். பெருவிரலில் புண் இருப்பதால் அடுத்த விரலில் அளப்பார்கள். அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் புண் ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த அளவீடு அப்பாவுக்கு எடுக்கப்பட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. 2000இல் வெளிவந்த ஒரு சென்னை ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் 6.3 சதவீதத்தினருக்குக் கால் ரத்தக்குழாய் அடைப்பு இருப்பதாகச் சொன்னது. அதுவும் கணுக்கால் விகிதத்தை வைத்துப் போட்ட கணக்குதான். உங்கள் அப்பாவைப் போலக் குழாய் விறைத்தவர்கள் அப்படிப்பட்ட கணக்கில் விடுபட்டுப்போக வாய்ப்பு உண்டு.

அவர் ஏன் காலைத் தொங்கவிடுகிறார் தெரியுமா? படுத்தால் பாதத்துக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறைகிறது. தொங்கவிட்டால் புவியீர்ப்பின் உதவியோடு கொஞ்சம் இறங்குகிறது. இன்று மாலை அவரைப் படுக்கவைத்து, இரண்டு பாதங்களையும் ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். வலது பாதம் வெளிறிப்போய், பிறகு தொங்கவிடும்போது மெதுவாகச் செங்கருநீலமாக மாறினால் அது அடைப்பின் அடையாளம். இந்தச் சிவப்பைப் பார்த்து, கிருமி பிடித்திருக்கிறது என்று மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. ஓய்வில் இருக்கும்போதே வலி, ஆறாத புண் இரண்டும் சேர்ந்துவிட்டால் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

இனி, ‘வழியில்லை’ என்ற தீர்ப்புக்கு வருகிறேன். ஆஞ்சியோபிளாஸ்டி என்பது கம்பியால் அடைப்பைத் தாண்டி, பலூனால் குழாயை விரிப்பது. தொடை வழியாக மேலிருந்து அனுப்பிய கம்பி அடைப்பைத் தாண்டவில்லை. அந்த ஒரு முயற்சி தோற்றது என்பதுதான் அதன் பொருள். பாதத்திலுள்ள ரத்தக்குழாயில் ஊசி செலுத்தி, கீழிருந்து மேலாகக் கம்பியைக் கொண்டுபோகும் முறை இருக்கிறது. அதில் பழகிய கைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, பைபாஸ் பற்றி யாராவது பேசினார்களா? முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்கள் அடைபட்டிருந்தாலும், பாதத்தில் ஒரு குழாய் திறந்திருந்தால், நோயாளியின் சொந்தக் காலிலிருந்து எடுத்த சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை) கொண்டு அதுவரை பாலம் போட முடியும். அதற்கு இரண்டு விவரங்கள் தெரிய வேண்டும். ஆஞ்சியோ படத்தில் பாதம் வரை படம் எடுத்திருக்கிறார்களா? பல படங்கள் கணுக்காலோடு நின்றுவிடுகின்றன. தொடையின் உட்புறம் ஓடும் பெரிய சிரையை ஸ்கேனில் அளந்து, அது பைபாஸுக்குத் தகுதியானதா என்று பார்த்திருக்கிறார்களா? இந்த இரண்டையும் பார்க்காமல் வழியில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

சிரை ஸ்கேனை இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஆராய்ச்சியே காரணம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடந்த ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. கால் இழக்கும் அபாயத்தில் இருந்த 1,830 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதலில் பைபாஸ், மற்றப் பிரிவினருக்கு முதலில் பலூன், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) போன்ற கம்பிவழிச் சிகிச்சை கொடுத்தார்கள். நல்ல சிரை இருந்தவர்களில், மரணம், கணுக்காலுக்கு மேல் கால் அகற்றம், பெரிய மறுசிகிச்சை இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், கம்பிவழிப் பிரிவில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களிடம் இரு முறைகளுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, சிரையைப் பார்க்காமல் எது நல்லது என்று சொல்லவே முடியாது.

அடுத்த ஆண்டே பிரிட்டனிலிருந்து ‘பேஸில்-2’ எதிர்த்திசையில் பேசியது. முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரில், கால் அகற்றமோ மரணமோ நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 63 சதவீதம், கம்பிவழிப் பிரிவில் 53 சதவீதம். கால் அகற்றத்தைவிட, மரணம் குறைந்ததே அந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிட்டதாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்துக்கொண்ட நோயாளிகள் வேறு, கணக்கில் சேர்த்த விளைவுகளும் வேறு. முதல் ஆய்வு பெரிய மறுசிகிச்சையையும் தோல்வியாக எண்ணியது, இரண்டாவது எண்ணவில்லை. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: இதயம் வலுவாக இருந்து, சிரையும் நன்றாக இருந்தால் பைபாஸைத் தீவிரமாக யோசிக்க வேண்டும். இதயம் பலவீனமாக இருந்தால் பாதம் வழியாக மறுபடி கம்பிவழி முயற்சி. எக்கோ பரிசோதனை எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பெஸ்ட்-சிஎல்ஐ நடந்தது அமெரிக்கா, கனடா, பின்லாந்து, இத்தாலி, நியூசிலாந்து ஆகிய நாடுகளில். பேஸில்-2 நடந்தது பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க்கில். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய நம் ஊரில், நம் நோயாளிகளின் கால்களை வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை. அதனால் ஆராய்ச்சி என்றாலே ஒதுங்குங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஸ்டெம் செல்லுக்கு வருவோம். வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல் அது. ஊசி போட்டால் காலில் புதுக் குழாய்கள் முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் வயதாகிறது. அதோடு ஒட்டிப் பிறந்தது, குழாய் வளரத் தூண்டும் மரபணுவைச் செலுத்தும் மரபணு ஊசி. அதன் கதையை உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். 125 பேரிடம் நடந்த ‘டாலிஸ்மன்’ என்ற ஆய்வு 2008இல் வெளிவந்தது. புண் ஆறுவதில் பலன் தெரியவில்லை. ஆனால் கால் அகற்றம் குறைந்ததுபோல் தெரிந்தது. பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அதே மருந்தை 30 நாடுகளில் 525 பேரிடம் ‘டாமாரிஸ்’ என்ற பெயரில் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கால் அகற்றமோ மரணமோ நேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவிலும் மருந்தில்லாத பிரிவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சிறிய ஆய்வில் தெரிந்த பலன் பெரிய ஆய்வில் காணாமல் போய்விட்டது.

ஸ்டெம் செல்லிலும் இதேதான். நெதர்லாந்தின் ‘யுவென்டாஸ்’ ஆய்வில் 160 பேர் இருந்தார்கள். அனைவரிடமும் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். பாதிப்பேருக்கு அதிலிருந்து பிரித்த செல்களையும், மீதிப்பேருக்குச் செல்கள் இருப்பதுபோலவே தோற்றமளிக்கும் மருந்தற்ற திரவத்தையும் தொடை ரத்தக்குழாய் வழியே மூன்று முறை செலுத்தினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கால் அகற்றத்தில் பலன் இல்லை. ஆனால் கவனியுங்கள்: வலியும் வாழ்க்கைத் தரமும் இரண்டு பிரிவிலுமே முன்னேறின! கூடுதல் கவனிப்பும், ஒழுங்கான கட்டும், நம்பிக்கையும் அவ்வளவு செய்கின்றன. மருந்தில்லாத ஊசிப் பிரிவு இல்லாமல் இருந்திருந்தால், செல்கள்தாம் வலியைக் குறைத்தன என்று எல்லோரும் சத்தியம் செய்திருப்பார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு 200க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘பேஸ்’ ஆய்வும், இடைக்கணக்கில் பலன் தெரியாததால் 2020இல் நிறுத்தப்பட்டது.

இதை வைத்து எல்லாம் வீண் என்று சொல்லிவிடவில்லை. புகைப் பழக்கத்தோடு வந்து கை, கால் ரத்தக்குழாய்களை அடைக்கும் பர்ஜர் நோய்க்காக, இந்தியாவில் தயாரான ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு 2016இல் நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரையறுக்கப்பட்ட அனுமதி கொடுத்தது. பிறகு அந்த அனுமதி விரிந்தது. தனியார் மையத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று சொன்னால் மருந்தின் பெயரையும், எந்த நோய்க்கு அனுமதி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சொந்தக் கொழுப்பையோ மஜ்ஜையையோ எடுத்து, அங்கேயே பிரித்துத் திரும்பச் செலுத்துகிறோம் என்றால் அது வேறு கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சையைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாட்டை அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே செய்ய வேண்டும் என்கிறது. ஆராய்ச்சியில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பலன் நிரூபணமாகாத ஒன்றுக்கு, ‘நிச்சயம்’ என்று சொல்லி மூன்றரை லட்சம் கேட்பவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கால் போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் குடும்பத்தின் கழுத்தில் கை வைக்கும் வேலை அது.

அம்மாவின் கண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டும். சோதனை எலிக்குக் கேள்வி கேட்க வழியில்லை. உங்கள் அப்பாவுக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அவருக்குச் சட்டப் பாதுகாப்புத் தருகின்றன. ஆய்வில் இருக்கும்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால், அதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வினால்தான் தீங்கு என்றால் இழப்பீடும் உண்டு. அந்த விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படும் வரி ஒன்று இருக்கிறது. வழக்கமான சிகிச்சை கிடைக்கக்கூடிய நிலையில் அதைக் கொடுக்காமல், மருந்தில்லாத ஊசியை மட்டும் கொடுத்ததால் தீங்கு வந்தால், அதையும் ஆய்வால் வந்த தீங்காகவே சட்டம் கொள்கிறது. ஆகவே ‘பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி’ என்றால், அந்தப் பாதிப்பேரைச் சும்மா விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். புண் பராமரிப்பு, மாத்திரைகள், வலி மருந்து எல்லாம் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுபோல் கிடைக்க வேண்டும். பைபாஸ் செய்ய முடிகிற ஒருவரை, முடியாதவர்களுக்கான ஆய்வில் சேர்ப்பதுதான் உண்மையான அநியாயம். இரண்டாவது மருத்துவரை முதலில் பாருங்கள் என்று நான் சொன்னது இதனால்தான்.

அவரும் வழியில்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஆராய்ச்சியை நான் திறந்த மனதோடு பார்ப்பேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தின் மேல் விரலை வைத்து ‘இங்கே கையெழுத்து’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணை வாங்குங்கள்; அந்த இணையதளத்தில் போட்டால் யார் நடத்துகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை வெற்றி என்று அளக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். இங்கே எச்சரிக்கை: பதிவு எண் இருப்பது தரச் சான்று ஆகாது. ஆய்வில் சேருபவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் தொலைபேசி எண்ணையும் தனியே கேளுங்கள். ஆய்வின் நடுவில் கால் மோசமானால் யாரை அழைப்பது, அந்த அறுவைக்கு யார் செலவழிப்பது, பஸ் செலவு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

எந்த வழி என்றாலும் இன்றே தொடங்க வேண்டியவை சில. பீடியை அடியோடு நிறுத்த வேண்டும், குறைத்தது போதாது. இதை அப்பாவிடம் கெஞ்சியாவது சொல்லுங்கள், ஏனென்றால் பைபாஸ் போட்டாலும் புகை அதை அடைத்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெலும் அவருடைய மருந்துச் சீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடைப்பை நீக்கிய பிறகு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரோக்சபான் என்ற மருந்தைச் சிறிய அளவு சேர்ப்பது பற்றி 2020இல் வந்த ‘வாயேஜர்’ ஆய்வு 6,564 பேரிடம் நடந்தது. மூன்று ஆண்டுகளில் கால், இதயம், மூளை சார்ந்த பெரிய பாதிப்புகள் 19.9 சதவீதத்திலிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தன. ரத்தக் கசிவு கொஞ்சம் கூடியது. அப்பாவுக்கு வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நடந்தால் ரத்த ஓட்டம் கூடும் என்று யாராவது அவரை நடக்கவைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். நடைப்பயிற்சி என்பது புண் இல்லாமல், நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடும் ஆரம்பக் கட்டத்தினருக்கு. அவர்களுக்கு அது மருந்தைவிட மேல்: வாரம் மூன்று நாள், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதாக 12 வாரம். 2012இல் வந்த ‘க்ளெவர்’ ஆய்வில், இடுப்புப் பகுதிக் குழாயில் அடைப்பு இருந்தவர்களில், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களைவிடக் கண்காணிப்பில் நடந்து பழகியவர்களே ஆறு மாதத்தில் அதிக நேரம் நடந்தார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது அந்த வலி இருந்தால் மூட்டு வலி என்று தைலம் தடவிக்கொண்டிருக்காமல் காலைக் காட்டுங்கள். உங்கள் அப்பாவோ அந்தப் பெருவிரலைத் தரையில் ஊன்றவே கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆஞ்சியோவின் குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இடையில் விரல் கறுத்து அது மேலே பரவினாலோ, சீழும் நாற்றமும் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பாதம் திடீரென்று சில்லிட்டு மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்று இரவே ரத்தநாள அறுவைப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.